அரை நொடி மூச்சு

“நல்லா மூச்சை இழுங்க, இன்னும் இழுங்க… இப்ப வேகமா ஊதுங்க, விடாம ஊதுங்க!” நுரையீரல் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் குரல் காதில் விழாமல் போகாது. ஊதுகிறவர் மனம் வைத்து ஊதினால்தான் அந்தச் சோதனை சோதனையாகும். 1846இல் லண்டனில் ஜான் ஹச்சின்சன் தன் ஸ்பைரோமீட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்ததை வெளியிட்ட நாள் முதல் இதுதான் நிலை. ஆறு வயதுக் குழந்தையைக் கொஞ்சிக் கெஞ்சி ஊத வைத்துவிடலாம். மூன்று மாதக் குழந்தையை என்ன செய்வது? அதற்கு ஊதத் தெரியாது. விழித்திருந்தால் அழும். தூங்கினால் தன் போக்கில் மூச்சு விடும்.

பெரும்பாலான நோய்களில் இது ஒரு பெரிய குறையாகத் தெரியாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் இதுதான் பெரிய குறை. ஏழாவது குரோமோசோமில் உள்ள சிஎஃப்டிஆர் என்ற மரபணு, உடலின் உள்பரப்புகளில் உப்பும் நீரும் போய்வரும் ஒரு வாசலைக் கட்டுகிறது. 1989இல் இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் அந்த வாசல் ஒழுங்காகத் திறப்பதில்லை. மூச்சுக்குழாய்களின் ஈரம் வற்றிச் சளி பசைபோல் இறுகுகிறது. கணையத்தின் நாளங்கள் அடைத்துக்கொள்கின்றன. வியர்வையில் உப்பு மிஞ்சுகிறது. முத்தமிட்டால் நெற்றி உப்புக்கரிக்கும் குழந்தை நிலைக்காது என்று ஐரோப்பியக் கிராமங்களில் பழைய சொலவடையே இருந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 2,500 குழந்தைகளில் ஒன்று இந்த நோயோடு பிறக்கிறது.

இந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் ஆயுளைக் குறைப்பது நுரையீரல். சளியில் கிருமி தங்கும்; அதை விரட்ட வரும் வெள்ளணுக்கள் தங்கள் நொதிகளைக் கொட்டிக் கிருமியோடு குழாயின் சுவரையும் அரிக்கும்; அரித்த குழாய் அகன்று தொங்கிப் போகும். அப்படி அகன்றது பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆகவே மருத்துவர்களின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சேதம் எப்போது தொடங்குகிறது? பிறந்தது முதல் ஸ்பைரோமெட்ரிக்கு ஒத்துழைக்கும் வயது வரை உள்ள ஐந்தாறு ஆண்டுகளில் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லாமல் இருந்தது. இருமல் இல்லை, எடை ஏறுகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சு சுத்தமாகக் கேட்கிறது. எனவே நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியிருந்தது. கைக்குழந்தைகளுக்கான சோதனை அந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைத்தது.

சோதனை நடக்கும் விதத்தை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் அருமையும் சுமையும் புரியும். காலையில் பால் கொடுத்துவிட்டு, எடைக்கேற்ற அளவில் குளோரல் ஹைட்ரேட் என்ற பழைய தூக்க மருந்தை வாய்வழியே ஊற்றுகிறார்கள். கசப்பு தாங்காமல் குழந்தை பாதியைத் துப்பும். அம்மா மடியில் போட்டு ஆட்ட, அரை மணி நேரத்தில் கண் சொருகும். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, கையை வெளியே விட்டு, அக்குளிலிருந்து இடுப்பு வரை காற்று நிரப்பக்கூடிய ஒரு சட்டையைச் சுற்றுகிறார்கள். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடியின் ஓரத்தில் இம்மியும் கசியாதபடி களிமண் போன்ற மெழுகைப் பிசைந்து வைக்கிறார்கள். காலில் கட்டிய ஆக்ஸிஜன் மானி ஓடிக்கொண்டிருக்கும். முகமூடி வழியாக 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் காற்றை மெல்ல உள்ளே தள்ள, பெரியவர் இழுத்துப் பிடிப்பதுபோல் நெஞ்சு முழுக்க விரிகிறது. இப்படிச் சில முறை செய்தால் நுரையீரல் நிறைந்த நிறைவில் குழந்தை தானாக மூச்சு விட எத்தனிப்பதைச் சற்று நிறுத்திக்கொள்ளும். அந்த அமைதியில் சட்டை படக்கென்று காற்றால் உப்புகிறது. நெஞ்சையும் வயிற்றையும் ஒரே அணைப்பில் அழுத்துகிறது. உள்ளே இருந்த காற்று அத்தனையும் பீறிட்டு வெளியே வருகிறது. “விடாம ஊதுங்க” என்று பெரியவரிடம் சொன்னதைக் குழந்தைக்காகச் சட்டை செய்து முடிக்கிறது.

பெரியவர்களுக்கு முதல் நொடியில் வெளியேறும் காற்றை அளக்கிறோம். கைக்குழந்தையின் நுரையீரல் ஒரு நொடிக்குள்ளேயே காலியாகிவிடும். அதனால் அளவுகோல் அரை நொடியாகச் சுருங்கியது. எல்லாமே அந்தச் சிறிய அளவில்தான். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை ஒரு சாதாரண மூச்சில் இழுப்பது 30 முதல் 40 மில்லிலிட்டர். டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு. முகமூடிக்குள் அடைந்து கிடக்கும் பத்து மில்லிலிட்டர் காற்றுகூடக் கணக்கைக் கலைத்துவிடும். பெரியவர்களின் கருவியை மாற்றி அமைத்துப் பயன்படுத்த முடியாது என்பதால் இதற்கென்றே தனி அறிவியல் வளர்ந்தது. லண்டன் குழந்தைகள் நலக் கழகத்தில் ஜானெட் ஸ்டாக்ஸும் அவர் உருவாக்கிய குழுவும் பல பத்தாண்டுகள் இதிலேயே உழைத்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. குழந்தையை அமுக்கத் தேவையில்லை, தூங்கினால் போதும். வீட்டில் சாம்பிராணி போட்ட பிறகு ஜன்னலைத் திறந்தால் கூடத்துப் புகை சீக்கிரம் கலைந்துவிடும். பரண் இடுக்கிலும் அலமாரிக்குப் பின்னாலும் புகுந்த புகை நெடுநேரம் தங்கும். இந்தச் சோதனையின் தத்துவமும் அதுவே. எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வாயுவை, வழக்கமாக 4 விழுக்காடு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடை, குழந்தை சுவாசிக்க விடுகிறார்கள். நுரையீரல் எங்கும் அது பரவியதும் நிறுத்திவிட்டு, அதன் செறிவு தொடக்க அளவில் நாற்பதில் ஒரு பங்காகக் குறையும்வரை வெளியேறும் மூச்சைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அதற்கு நுரையீரலின் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு காற்று போய்வர வேண்டியிருந்தது என்பதே எல்சிஐ என்ற எண். ஆரோக்கியமானவர்களுக்கு ஏழை ஒட்டி இருக்கும். எங்கோ ஓர் இடுக்கில் சளி அடைத்திருந்தால் வாயு அங்கே தங்கிவிடும், எண் ஏறும். பெரிய குழாய்களின் கோளாறை அரை நொடி மூச்சு காட்டும். கண்ணுக்கெட்டாத நுனிக் குழாய்களின் சமனின்மையை எல்சிஐ காட்டும்.

லண்டன் குழுவில் சரத் ரங்கநாதன் முதல் ஆசிரியராக, 2001இல் லேன்செட் இதழில் வெளிவந்த கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. நோய் கண்டறியப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே கைக்குழந்தைகளை அளந்தபோது, அரை நொடியில் வெளியேறிய காற்று ஆரோக்கியமான குழந்தைகளைவிடக் குறைந்திருந்தது. இருமலோ இளைப்போ இல்லாத குழந்தைகளிடமும் அப்படியே. 2004இல் வந்த தொடர் ஆய்வு, சிகிச்சை கொடுத்தும் அந்தக் குறை ஈடாகாமல் தொடர்ந்ததைக் காட்டியது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் இந்த முடிவு எவ்வளவு கனமாக விழுந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அறிகுறி வந்தால் மருந்து என்று இருந்தவர்களுக்கு, அறிகுறி வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்று தெரிய வந்தது.

அந்தக் குழந்தைகள் எல்லோரும் நோய் வெளிப்பட்ட பிறகு, எடை ஏறாமலோ குடல் அடைத்தோ வேறு தொந்தரவாலோ மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் ஐஆர்டி என்ற கணையப் பொருள் கூடியிருப்பதைப் பார்த்து, பிறந்த சில நாட்களிலேயே சந்தேகிக்கும் முறை 1979இல் நியூசிலாந்தில் அறியப்பட்டு, 1981இலேயே ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிட்டன் முழுவதும் அது பரவ 2007 ஆயிற்று. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களையும் எட்ட 2010. முன்னதாகவே கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால் நுரையீரல் தப்பிக்குமா என்ற கேள்வியை இப்போதுதான் நேராகக் கேட்க முடிந்தது.

பதில் இரண்டு கண்டங்களிலிருந்து இரண்டு விதமாக வந்தது. பெர்த்திலும் மெல்போர்னிலும் இயங்கிய ஏரெஸ்ட் சிஎஃப் என்ற குழு, ஸ்டீபன் ஸ்டிக், பீட்டர் ஸ்லை போன்றோரின் தலைமையில், குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதுமே சிடி ஸ்கேன் எடுத்தது. மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவிய நீரைச் சோதித்தது. 2009இல் வெளியான முடிவில், அளக்கப்பட்ட 57 குழந்தைகளில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு ஸ்கேனில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. பெரும்பாலோருக்கு மூச்சுத் தொந்தரவே கிடையாது. கழுவிய நீரில் வெள்ளணுக்களின் எலாஸ்டேஸ் நொதி தென்பட்ட மூன்று மாதக் குழந்தைகளுக்கு, பின்னாளில் மூச்சுக்குழாய் அகன்றுபோகும் வாய்ப்பு அதிகம் என்பதை 2013இல் அதே குழு நிறுவியது. அதே பெர்த்தில் மூச்சுச் சோதனை மட்டும் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் இயல்பாகவும், அதற்கு மேற்பட்டவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். போகப் போகச் சரிகிறது என்பது அங்கே கிடைத்த சித்திரம்.

லண்டனில் தலைகீழ். பச்சிளங்குழந்தைப் பரிசோதனையில் கண்டறியப்பட்டவர்களை மூன்று மாதத்தில் அளந்தபோது, அரை நொடி மூச்சு குறைந்தும் எல்சிஐ கூடியும் இருந்தது. அந்தக் கட்டுரை 2012இல் வந்தது. அதே குழந்தைகளை ஒரு வயதில் மறுபடி அழைத்து அளந்தார்கள். 2014இல் வந்த முடிவில், அரை நொடி மூச்சின் குறை பெருமளவு ஈடாகியிருந்தது. 2004இன் இருட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய வெளிச்சம்! ஓராண்டில் எடுத்த சிடி ஸ்கேன்களிலும் மாற்றங்கள் லேசாகவே இருந்தன. எவ்வளவு லேசு என்றால், ஒரே படத்தை இரண்டு நிபுணர்கள் பார்த்துத் தந்த மதிப்பெண்களே ஒத்துப்போகவில்லை.

எது சரி? இரு குழுக்களின் உழைப்பையும் மதிக்கிறேன். ஆனால் இந்த முரணின் ஒரு பகுதி நோயில் இல்லை, ஒப்பீட்டில் இருக்கிறது என்பதே என் முடிவு. கைக்குழந்தை வாரத்துக்கு வாரம் வளர்கிறது. நுரையீரல் அதோடு வளர்கிறது. 150 மில்லிலிட்டர் என்ற எண் தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. அதே உயரம், அதே எடை, அதே வயதுள்ள நோயற்ற குழந்தை எவ்வளவு ஊதும் என்று தெரிந்தால்தான் குறைவா, நிறைவா என்று சொல்ல முடியும். பழைய சமன்பாடுகள் ஆய்வகங்களில் கையால் செய்த கருவிகளில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. கடையில் விற்பனைக்கு வந்த புதிய கருவிகளில் அளந்தால் ஆரோக்கியமான குழந்தைகளே வேறு எண் காட்டினார்கள் என்பதை லண்டன் குழுவே கண்டுபிடித்து, 2013இல் புதிய சமன்பாடுகளை வெளியிட்டது. 2021இல், உலகெங்கும் பயன்பட்டுவந்த ஓர் எல்சிஐ கருவியில் உணரிகள் ஒன்றின் அளவை ஒன்று பாதித்து எண்ணைக் கூட்டிக் காட்டிவந்தது தெரிந்தது. பல ஆண்டுத் தரவுகளை மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

ஆகவே இந்த ஆய்வுகளின் முதுகெலும்பு என்று நான் கருதுவது நோயுள்ள குழந்தைகளை அல்ல. அவர்களோடு அதே அறையில், அதே கருவியில், அதே கைகளால் அளக்கப்பட்ட நோயற்ற குழந்தைகளை. எந்த நோயும் இல்லாத தன் குழந்தையை, யாரோ ஒரு வீட்டுக் குழந்தைக்காகத் தூக்க மருந்து குடிக்க வைத்து மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்கச் சம்மதித்த தாய்மார்கள் லண்டனில் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் 2014இன் நல்ல சேதியை யாரும் நம்பியிருக்க முடியாது. ஆரோக்கியமான குழந்தைக்கு மயக்கம் தர அறநெறிக் குழுக்கள் பல நாடுகளில் அனுமதிப்பதில்லை. அதன் நியாயம் புரிகிறது. அதற்கான விலையும் புரிகிறது.

இந்தச் சிக்கலுக்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மருந்தே இல்லை. பிறந்து ஐந்து வாரத்தில், பால் குடித்த மயக்கத்தில் குழந்தை தானாகத் தூங்கும் நேரம் பார்த்து அளக்கிறார்கள். 1999 முதல் நோயற்ற குழந்தைகளை அப்படித்தான் அளந்து வருகிறார்கள். 2011இல் அந்நாட்டில் பச்சிளங்குழந்தைப் பரிசோதனை தொடங்கியதும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளையும் அதே முறையில் சேர்த்துக்கொண்டார்கள். சட்டையால் அமுக்கும் சோதனை இதில் சாத்தியமில்லை. அதுபாட்டுக்கு விடும் மூச்சும் எல்சிஐயும் கிடைக்கும். அது போதுமா என்றால், பல கேள்விகளுக்குப் போதும்.

மருந்துச் சோதனைகளில் இந்த அளவீடு தன் மதிப்பைக் காட்டியிருக்கிறது. 2012இல் ஜாமா இதழில் வந்த ஐசிஸ் என்ற ஆய்வில், நான்கு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 321 குழந்தைகளுக்கு ஓராண்டளவு 7 விழுக்காடு உப்புநீரையோ சாதாரண உப்புநீரையோ நெபுலைசரில் கொடுத்தார்கள். நோய் முற்றிச் சிகிச்சை தேவைப்பட்ட தடவைகள் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. அந்த அளவில் தோல்வி. ஆனால் கைக்குழந்தைச் சோதனை செய்யப்பட்ட 73 பேரில், செறிந்த உப்புநீர் பெற்றவர்களின் அரை நொடி மூச்சு சராசரியாக 38 மில்லிலிட்டர் கூடுதலாக முன்னேறியிருந்தது. அறிகுறி காட்டாததை மூச்சு காட்டியது. பிறகு 2019இல் ஜெர்மனியிலிருந்து வந்த பிரெசிஸ் ஆய்வில், நான்கு மாதத்துக்குள்ளேயே தொடங்கி ஓராண்டு 6 விழுக்காடு உப்புநீர் பெற்ற குழந்தைகளின் எல்சிஐ மேம்பட்டது. எடையும் நன்றாக ஏறியது. மொத்தமே 42 குழந்தைகள். அத்தனை சிறிய கூட்டத்தில் வேறுபாட்டைப் பிடித்த அளவுகோலைச் சாதாரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு கூட்டத்துக்குச் சொல்வது வேறு, ஒரு குழந்தைக்குச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால் சோதனை தீங்காகிவிடும். நூறு ஆரோக்கியமான குழந்தைகளில் ஐந்து பேர் எப்படியும் இயல்பின் கீழ் எல்லைக்கு வெளியே விழுவார்கள். எல்லை வகுக்கப்பட்டதே அப்படித்தான். நான்கு வகைச் சோதனை செய்தால் ஏதாவது ஒன்றில் வெளியே விழுபவர்கள் இன்னும் கூடுவார்கள். ஒரே குழந்தையை இரு வேறு நாட்களில் அளந்தாலும் எண் அசைகிறது. இந்த நிலையில், மூன்று மாதத்தில் கிடைத்த ஒரு தாழ்ந்த எண்ணை வைத்துக்கொண்டு மருந்தைக் கூட்டுவதா, கூட்டாமல் விடுவதா? 2013இல் அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியின் பணிக்குழு இதையெல்லாம் அலசி, அன்றாடச் சிகிச்சையில் இதைச் சேர்க்கப் போதிய சான்று இல்லை என்ற இடத்தில் நின்றது. அதுவே சரி என்று நானும் நினைக்கிறேன். கைக்குழந்தைகளில் எல்சிஐ ஸ்கேன் படத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதும், மூன்று வயதைத் தாண்டினால்தான் இரண்டும் கைகோக்கின்றன என்பதும் பெர்த்திலிருந்தே வந்த கண்டுபிடிப்பு. நான்கு வயது எல்சிஐ பள்ளிப் பருவத்து நுரையீரலை முன்கூட்டிச் சொல்கிறது. அந்த வயதுப் பிள்ளை கார்ட்டூன் பார்த்தபடி விழித்திருந்தே சோதனையை முடித்துவிடும். தூக்க மருந்தும் சட்டையும் ஆராய்ச்சிக்கு இருக்கட்டும்.

இதற்கிடையே சிகிச்சையே மாறிவிட்டது. பழுதான வாசலையே திறக்க வைக்கும் ஐவகாஃப்டர் என்ற மாத்திரை 2012இல் ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு வந்தது. அமெரிக்காவில் 2020இல் நான்கு மாதக் குழந்தைக்கும், 2023இல் ஒரு மாதக் குழந்தைக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் கைக்குழந்தைகளுக்கான அந்த அனுமதிகளுக்கு அடிப்படையாக நின்றவை முதன்மையாகப் பாதுகாப்பும், ரத்தத்தில் மருந்தின் அளவும், வியர்வை உப்பின் வீழ்ச்சியும். அந்தப் பிஞ்சு நுரையீரல்கள் உண்மையில் காக்கப்படுகின்றனவா என்பதை எந்த எண்ணால் அறிவது? சேதமே தெரியாத குழந்தையிடம் சேதம் வரவில்லை என்று நிரூபிக்க, இன்றுள்ளவற்றைவிட நுணுக்கமான அளவுகோல் வேண்டும். கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ படத்தை ஹைடல்பெர்க் மருத்துவர்கள் கைக்குழந்தைகளிடம் முயன்று வருகிறார்கள். இயல்பான தூக்கத்தில் அளக்கும் எல்சிஐயோடு அது சேர்ந்தால் நல்ல துணையாகும் என்று எதிர்பார்க்கிறேன்.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த நோய் வெள்ளையர்களுக்குத்தான் வரும் என்று இந்தியாவில் நெடுங்காலம் பாடம் படித்தார்கள். 1960களிலிருந்தே இங்கே நோயாளிகள் பதிவாகிவந்தும் அந்த எண்ணம் லேசில் மாறவில்லை. மேற்கில் பெரும்பாலோரிடம் இருக்கும் எஃப்508டெல் என்ற மரபணுப் பிழை இங்கே அந்த அளவுக்கு இல்லை. அதனால் மேற்கத்தியப் பட்டியலை வைத்து மரபணுவைத் தேடினால் நம் குழந்தைகள் வலையிலிருந்து நழுவுகிறார்கள். தேசிய அளவில் பச்சிளங்குழந்தைப் பரிசோதனையில் இது இல்லை. வேலூர் சிஎம்சியிலும் தில்லி எய்ம்ஸிலும் இதற்கென்று உழைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வந்து சேர்வதற்குள் பல குழந்தைகள் நிமோனியா என்றும் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றும் ஊர் ஊராகச் சிகிச்சை எடுத்துக் களைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சளி, எண்ணெய்ப் பசையோடு மலம், எவ்வளவு பால் குடித்தும் ஏறாத எடை, வியர்த்தால் தோலில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு: இவை சேர்ந்து இருக்கும் குழந்தைக்கு லண்டன் சட்டை வேண்டாம். முன்கையில் பைலோகார்பைன் தடவி, லேசான மின்னோட்டத்தை ஐந்து நிமிடம் செலுத்தி, அரை மணி நேரம் வியர்வையைச் சேகரித்து உப்பை அளக்கும் சோதனை 1959இலிருந்து இருக்கிறது. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் நோய்க்கு வலுவான சான்று. குழந்தை அப்போதும் அம்மா மடியில்தான் இருக்கும், விழித்திருந்தாலும் பரவாயில்லை.